போலிங்கின் புல்லாங்குழல் தொகுப்பு: வாசித்தவர்கள், கேட்டவர்கள் சொல்லுங்கள்

குழல்பித்து:
பாரிஸில் இசைப்பள்ளி விழாவுக்கான ஒத்திகை. பிரெஞ்சு இசையமைப்பாளரும் ஜாஸ் பியானோக்காரருமான குளோத் போலிங், புல்லாங்குழலுக்கும் ஜாஸ் பியானோ மூவர் குழுவுக்குமாக எழுதிய தொகுப்பில் முதல் பகுதி, ‘பரோக் அண்டு ப்ளூ’. பியானோ முதலில் பாஹ் வீட்டுப் பிள்ளைபோல் அடக்கமாக வரும். பேஸும் டிரம்ஸும் சேர்ந்ததும் ஜாஸுக்குத் தாவிவிடும். என் விரல்களும் கூடவே தாவின. ஆசிரியை நிறுத்தச் சொல்லவில்லை. குனிந்து, தாளம் போட்டுக்கொண்டிருந்த என் வலது காலணியைப் பென்சிலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். “ஆடுவது அவர்கள் வேலை.” விழாவன்று மறுபடியும் ஆடிவிட்டேன். அதன்பின் ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

துறைமுகத்தான்:
எல்லாரும் அந்தத் தொகுப்பின் 1975 இசைத்தட்டையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். போலிங் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர். பிரான்சின் மார்சே நகரில் ஒரு பழைய சாமான் கடை. பெரியவர் ஒருவர் உட்கார்ந்து ‘போர்சலினோ’ இசையை வாசித்தார். 1970 படம், தெலோனும் பெல்மோந்தோவும் நடித்தது, கதை நடப்பதும் அதே ஊரில்தான். பியானோவில் ஒரு கட்டை அமுங்கினால் எழவில்லை. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் வாயால் பாடினார். அந்த மெட்டுக்குச் சுருதி சேர்த்த பியானோ பொருந்தாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இசைத்தட்டுப்பெட்டி:
துறைமுகத்தாரே, 530 வாரம் அமெரிக்க பில்போர்டு இதழின் செவ்வியல் இசைப் பட்டியலில் இருந்த தட்டைக் கட்டிக்கொண்டு அழாமல் என்ன செய்வது? என் கதை சிறியது: அட்டையில் பியானோவும் குழலும் ஒரே கட்டிலில் படுத்திருப்பதைப் பார்த்து அம்மா தட்டைத் திருப்பி வைத்துவிட்டார்.
குழல்பித்து, ஒரு யோசனை. ‘வெர்சட்டைல்’ பகுதிக்குப் பேஸ் குழல், அதாவது தாழ்ந்த சுரம் தரும் பெரிய புல்லாங்குழல், வேண்டும். சொந்தமாக வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். எடை தோளை இழுக்கும். மூச்சும் அதிகம் செலவாகும். அதனால் வழக்கமான இடங்களில் மூச்செடுத்தால் போதாது, முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் நீண்ட சுரங்கள் மட்டும், கண்ணாடி முன் நின்று. உதட்டை இறுக்காதீர்கள். ‘ஜாவனேஸ்’ பகுதி ஐந்து தட்டுத் தாளத்தில் போகிறது. மூன்றும் இரண்டுமாகக் கைதட்டிப் பழகிய பிறகு குழலைத் தொடுங்கள்.

குழல்பித்து:
பேஸ் குழலைப் பற்றி நான் கேட்கவேயில்லை, ஐயா. நேற்று, பிரெஞ்சுக் குழல் கலைஞர் ராம்பால் போலிங்கோடு வாசித்த அந்த 1975 தட்டை மறுபடி கேட்டேன். போலிங் என்ன ஆட்டம் ஆடினாலும் ராம்பாலின் குழல் நேராகத்தான் போகிறது. ஆசிரியையின் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.