வீட்டில் படிக்கும் பிள்ளைகள்: குழியானை, மஞ்சள் தாள், காணாமல் போகும் நிழல்

கொங்குக்காரி:

சின்னப் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். எந்த வயதுக்கு என்ன செய்யலாம் என்ற பட்டியல்கள் எல்லார் போனிலும் குவிந்து கிடக்கின்றன. அது வேண்டாம். உங்கள் வீட்டில் என்ன நடந்தது, பிள்ளை அதை எங்கே இழுத்துக்கொண்டு போனது என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. மாமியார் வீட்டு ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே, மழை படாத புழுதியில் குழியானைக் குழிகள் (எறும்பு பிடிக்க ஒரு குட்டிப் பூச்சி தோண்டி, அடியில் காத்திருக்கும் குழிகள்) வரிசையாக இருக்கும். அதில் எறும்பைப் போட்டால் நடப்பதை நம்மில் பலரும் பார்த்திருப்போம். ஏற ஏற மண் சரியும். அடியில் இருப்பது தலையால் மண்ணை வாரி அடிக்கும். ஒரு கணம் இரண்டு கொடுக்குகள் தெரியும், அவ்வளவுதான். மகன் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று எறும்பு பிடிக்கக் கிளம்பிவிட்டான். மகள் மட்டும், "எறும்பு சுவத்துலயே ஏறுதே, இதுல ஏன் ஏற முடியல?" என்றாள்.

பதில் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். "மண்ணை மாத்திப் பாப்பமா?" என்று மட்டும் கேட்டேன். மூன்று தயிர் டப்பாக்கள் எடுத்தோம். ஒன்றில் அதே புழுதி, ஒன்றில் வீடு கட்டியதில் மிஞ்சிய எம்-சாண்ட், மூன்றாவதில் மாவு சல்லடையில் சலித்த எம்-சாண்ட். (அந்தச் சல்லடையை மாமியார் மறுபடி சமையலறைக்குள் விடவில்லை. புதுசு வாங்கித்தர வேண்டியதாயிற்று.) டப்பாவுக்கு ஒரு குழியானை. காலையில் பார்த்தால் புழுதியில் அச்சில் வார்த்த மாதிரி ஒரு புனல். சலித்த மணலில் கொஞ்சம் சின்னதாக ஒன்று. சலிக்காத எம்-சாண்டில் குழியே இல்லை, பின்பக்கமாக ஊர்ந்து போன கோடுகள் மட்டும். குழியானை முன்னால் நடக்காது என்பதை அந்தக் கோடுகளை வைத்து அவளே கண்டுபிடித்தாள்.

அப்புறம் மூன்று மணலையும் டம்ளரால் குவியலாகக் கொட்டி, பின்னால் அட்டையைப் பிடித்துச் சரிவைப் பென்சிலால் வரைந்துகொண்டாள். எந்த மணலும் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது; மேலே கொட்டக் கொட்டக் கீழே வழிந்துவிடும். குழியானை தோண்டுவதும் அந்தக் கடைசிச் சரிவு வரைக்கும்தான். ஏற்கெனவே விழத் தயாராக இருக்கிற மண் எறும்பு கால் வைத்ததும் விழுகிறது. சுவர் அப்படி விழாது. இதை அவள் என் வார்த்தையில் சொல்லவில்லை, "மண்ணு ரெடியா இருக்கு" என்றாள். எனக்கு அது போதும்.

ஒரு டப்பாவில் இருந்தது கொஞ்ச நாளில் மணலை நூலால் ஒட்டிக் கோலி மாதிரி உருண்டை செய்து உள்ளே போய்விட்டது. வெளியே வந்தபோது நாலு இறக்கையோடு, தட்டானுக்குத் தூரத்துச் சொந்தம் போல இருந்தது. மகன் இன்றைக்கும் தட்டானைப் பார்த்தால் "யானை" என்கிறான்.

மஞ்சத்தண்ணி:

அக்கா, எங்கள் வீட்டில் ஆரத்தித் தட்டில்தான் ஆரம்பித்தது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பானதைப் பெரியவன் பார்த்துவிட்டான். வயது எட்டு. மறுநாள் முழுக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் மஞ்சளில் கலந்தான். துணி சோடாவும் சோப்பும் நன்றாகச் சிவந்தன, ஆப்பசோடா லேசாகத்தான் மாறியது. எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சள். வேலியில் இருந்த சங்குப்பூவையும் விடவில்லை. எலுமிச்சைக்கு ஊதா கலந்த சிவப்பு, துணி சோடாவுக்குப் பச்சை. காரம், அமிலம் என்று பெயர் வைத்தது ரொம்ப நாள் கழித்துத்தான்.

நான் எழுத வந்தது அதற்கப்புறம் நடந்தது. மஞ்சள் பூசிய தாளில் சோப்புத் தண்ணீரால் வரைந்த படங்களை ஜன்னலில் ஒட்டியிருந்தோம். வெயில் பட்டு வெளுத்துவிட்டன. சின்னவள் ஒரே அழுகை. அவள் பாட்டி, "மஞ்சத் துணிய வெயில்ல போட்டா வெளுக்கத்தாண்டி செய்யும், அதான் நெழல்ல காயப்போடச் சொல்றது" என்றார். அதைப் பெரியவன் பிடித்துக்கொண்டான். புதுத் தாளில் மஞ்சள் பூசி, மேலே முருங்கை இலைக் கொத்தை வைத்து, கண்ணாடியால் அமுக்கி மொட்டை மாடி வெயிலில் விட்டான். சாயங்காலம் இலையை எடுத்தால் அது இருந்த இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சள், சுற்றிலும் வெளிறிய தாள். அதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்ததும் ஒவ்வொரு குட்டி முருங்கை இலையும் செங்கல் நிறத்தில் எழும்பி வந்தது பாருங்கள், நானே கத்திவிட்டேன்.

ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி 1842இலேயே பூச்சாறு பூசிய தாளில் இப்படி வெயிலால் படம் எடுத்து எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது. கொரோனாவில் மிஞ்சிய சானிடைசரில் கரைத்தால் நிறம் சீராக ஏறும். அது தீப்பிடிக்கிற சாமான், அடுப்புப் பக்கம் வேண்டாம், கரைப்பதைப் பெரியவர்களே செய்யுங்கள்.

கறிவேப்பிலைத் தோட்டம்:

நான் சுருக்கமாக. கறிவேப்பிலைச் செடியில் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை வளர்த்தோம். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பெரிதானதும் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பு கவையாக நீளும், கூடவே ஒரு நாற்றம். மகள் எல்லாவற்றையும் வரைந்துவைத்தாள்.

ஒரு கூட்டுப்புழு நாள் கடந்தும் திறக்கவில்லை. பழுப்பாகிப் போனது. பிறகு அதில் ஊசி குத்தினாற்போல ஒரு ஓட்டை, அதிலிருந்து எறும்பை விடச் சிறிய குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு, உள்ளே இருப்பதைத் தின்று வளர்கிற ஜாதி. மகள் அன்றைக்கு யாரோடும் பேசவில்லை. இதை எந்த வண்ணப் புத்தகத்திலும் போட மாட்டார்கள். நானும் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ரெண்டு நாள் கழித்து அவளே குளவியையும் அதே நோட்டில், அடுத்த பக்கத்தில் வரைந்தாள்.

அடையாறு தாத்தா:

பேரன் எங்களோடுதான் இருக்கிறான், பகலில் ஆசிரியர் நான்தான். ஓய்வு பெற்ற இன்ஜினியர், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். செங்குத்தாக நிற்கிற பொருளுக்கு நிழலே விழாது. மாடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவைத்து, காலையிலிருந்து நிழல் நுனியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தோம். பையன் 12 மணி ஆனதும் "இப்ப, இப்ப" என்று குதித்தான். நிழல் மெல்லியதாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. 12.07க்கு மேல்தான் டம்ளருக்கு அடியில் ஒளிந்தது.

அவனுக்கு நிழல் போனது பெரிதாகப் படவில்லை. கடிகாரம் ஏன் தப்பு என்பதுதான் கேள்வி. நம் கடிகாரம் சென்னைக்கு ஏற்றதில்லை, 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. மேற்கே ஒரு பாகைக்கு 4 நிமிடம் தாமதம். உலக உருண்டையையும் டார்ச்சையும் வைத்துக் காட்டினேன். கோவையில் இருக்கிற அத்தைக்குப் போன் போட்டு, "உங்க ஊர்ல சூரியன் உச்சிக்கு வர 12.20 ஆயிடும் அத்தை" என்று அறிவித்தான். அங்கே நிழல் மறையும் நாள் ஏப்ரல் 19 வாக்கிலேயே வந்து போய்விடுகிறது, அதையும் அவளுக்குச் சொன்னோம். டெல்லிக்கு இந்தப் பாக்கியமே கிடையாது, கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது.

இன்னொன்று, பங்குனி ஆமை. 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் ஜனவரியில் ஆரம்பித்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கரையோரமாக நடந்து முட்டைகளைச் சேகரிக்கிறார்கள். பொதுமக்களும் கூட நடக்கலாம். சுமார் 7 கிலோமீட்டர், நடுநிசிக்கு மேல். ஆறு வயதுப் பையனை அதற்கு இழுத்துப் போவது அநியாயம். மாலையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது கூட்டிப்போனேன். உள்ளங்கை அளவுகூட இல்லை, கறுத்துப்போய், ஈர மணலில் துடுப்புக் காலால் கோடு போட்டுக்கொண்டு போகின்றன. கடல் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போகும், அதனால் தெருவிளக்கு அவற்றைக் குழப்பிவிடும் என்று தொண்டர் ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பையன் பால்கனி விளக்கை அணைத்துவிட்டான். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஏழெட்டுத் தெருக்கள். விடுங்கள், மின்சாரமாவது மிச்சம்.

புள்ளிக்கோலம்:

தாத்தா, அருமை. என் பங்குக்கு ஒன்றுதான். அம்மாவின் சிக்குக்கோலத்தை மகள் சிலேட்டில் விரலால் தொடர்ந்துகொண்டே போனாள், ஒரே கோடா இரண்டா என்று பார்க்க. சிலதில் ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வந்துவிடுகிறது, சிலதில் மூன்று தனிக் கோடுகள். இப்போது இரண்டு கலர் சாக்பீஸ் இல்லாமல் கோலம் பார்ப்பதில்லை. இது சிறுபிள்ளை விளையாட்டு மட்டுமில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1970களில் கோலத்தை வைத்தே கணினி இலக்கணங்கள், அதாவது படங்களை உருவாக்கும் விதிகள், எழுதியிருக்கிறார்கள்.

ரெண்டு ஷிப்ட் அப்பா:

படிக்க ஏக்கமாக இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், அப்பார்ட்மெண்ட், மண் என்றால் தொட்டி மண்தான். இங்கே பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அம்மாக்கள், அல்லது தாத்தா பாட்டி. அவர்கள் விட்ட சம்பளத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இன்னொன்று, குழியானையால் பெருக்கல் வாய்ப்பாடு வருமா? பத்தாம் வகுப்பு எழுதுவது எப்படி?

கொங்குக்காரி:

வராது சார். வாய்ப்பாடு நாங்களும் ஒப்பிக்கத்தான் வைக்கிறோம், சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் கொஞ்ச நேரம், முனகலோடு. எழுத்தும் அப்படித்தான். சம்பளம் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் விட்டது பாங்க் வேலை. வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

தேர்வுக்கு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்கிறதே தவிர, வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது நிரம்ப வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது. அதற்குக் கீழே 3, 5, 8ஆம் வகுப்புக்கு இணையான நிலைகளும் அங்கே உண்டு. பிறப்புச் சான்றிதழில் பெயர், இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், கடைசி நேரத்தில் அதுதான் இழுத்தடிக்கும்.

பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டே. பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது, 2015 முதல் நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். உங்கள் மொட்டை மாடியிலிருந்தே காகம், மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி வரைக்கும் கிடைக்கும். கோவைப் பக்கம் வருவதாக இருந்தால் எங்களோடு குளத்துக்கு வாருங்கள், பைனாகுலர் ஒன்று கூடுதலாக இருக்கிறது. காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுவோம்.