18 டயர், இரண்டு ஆர்.சி.

குழு: நம்ம வீடு

நான்: [2 படங்கள்]

நான்: சமயநல்லூர் தாண்டி ஒரு ஷெட்டில் நிற்கிறது. 2017 கடைசியில் பதிவான வண்டி, 18 டயர். நாற்பது அடி ட்ரெய்லரோடு சேர்த்துப் பதினேழரை லட்சம் சொல்கிறார்கள். நாளைக்குள் 50,000 அட்வான்ஸ் கொடுத்தால் வேறு யாருக்கும் காட்டமாட்டார்களாம்.

சித்தப்பா: லாரி வாங்குகிறாயா, ரயில் வாங்குகிறாயா? ஒரு போட்டோவில் அடங்கவில்லை. நம்ம தெருவில் எங்கே திருப்புவாய்?

அம்மா: கருப்பசாமி துணை. பெயின்ட் பளபளன்னு இருக்கு.

திருமங்கலம் மாமா: மாப்ளே, உங்க அம்மா கண்ணில் பட்டது உன் கண்ணில் படவில்லை பார். முன்வண்டி பழசாக இருக்கிறது, ட்ரெய்லர் சேஸிஸ் மட்டும் எதற்குப் புதுப் பெயின்ட்? டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தாயா? முன்வண்டியோடு மாட்டும் கிங்பின் பக்கம், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடம்?

நான்: அடியில் பார்க்கவில்லை மாமா. எஞ்சின் ஒரே அடியில் பிடித்தது.

தம்பி: அண்ணே, நீ போகும்போது எஞ்சின் சூடாக இருந்ததா?

நான்: கவனிக்கவில்லைடா.

தம்பி: போன் பண்ணிவிட்டுத்தானே போனாய். நீ வருவதற்குள் அரை மணி நேரம் ஓடவிட்டு வைத்திருப்பார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பழைய வண்டியெல்லாம் சூட்டில் நல்ல பிள்ளைதான், காலையில்தான் குணம் தெரியும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திற. குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, பெரிய செலவு. அப்புறம், ட்ரெய்லரை மாட்டி, பிரேக்குக்கான ஏர் நிரம்பியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு மீட்டரைப் பார். முள் மளமளவென்று இறங்கினால் எங்கேயோ லீக்.

திருமங்கலம் மாமா: டயரையும் சொல்லுடா.

தம்பி: டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம் செய்தது. 18-ஐயும் பார். மேலே ரீட்ரெட் என்று புது ரப்பர் ஒட்டிக் கறுப்பு அடித்தால் புதுசு மாதிரிதான் தெரியும். ட்ரெய்லர் டயர் ஒரு ஓரமாகவே தேய்ந்திருந்தால் ஆக்ஸில் நேராக இல்லை.

வீட்டம்மா: ஒரு ரேடியல் 20,000 என்று வைத்தாலே 18-க்கு 3,60,000. அதை விலையில் கழிப்பார்களா? இவரிடம் இருப்பது ஆறு லட்சம். மிச்சத்துக்கு என் வளையலையும் லோனையும்தான் பார்க்கிறார்.

வீட்டம்மா: தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய்வர 280 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 3 கொடுத்தால் 93 லிட்டர். 92 ரூபாய் என்று வைத்தால் டீசலே 8,500-க்கு மேல். எலியார்பத்தி, புதூர் பாண்டியாபுரம் இரண்டு டோலிலும் போக, வர. கன்டெய்னர் யார்டில் இரண்டு நாள் வரிசையில் நின்றால் மாதத்துக்கு எத்தனை நடை வரும் என்று இவர் இன்னும் சொல்லவில்லை.

நான்: லாரி ஆபீஸில் கேட்டிருக்கிறேன்.

வீட்டம்மா: நேற்றும் அதைத்தான் சொன்னீர்கள்.

சித்தப்பா: 😂

பெரிய அக்கா: ஆடிட்டர் ஆபீஸ் கணக்கு ஒன்று, தம்பி. பத்து வண்டிக்குள் வைத்திருப்பவர்கள் கணக்குப் புத்தகம் எழுதாமல் வரி தாக்கல் செய்யலாம். ஆனால் 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டி என்றால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் சம்பாதித்ததாக எடுத்துக்கொள்வார்கள். வண்டி ஷெட்டில் நின்ற மாதத்துக்கும் அதே கணக்குதான். லாரி ஆபீஸில் பான் கார்டோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிடு, வாடகையில் வரி (டி.டி.எஸ்.) பிடிக்கமாட்டார்கள்.

திருமங்கலம் மாமா: அதெல்லாம் வண்டி கைக்கு வந்த பிறகு. ட்ரெய்லர் ஆர்.சி. பார்த்தாயா மாப்ளே?

நான்: ஆர்.சி. காட்டினார்கள், கடன் முடிந்துவிட்டது.

திருமங்கலம் மாமா: அது முன்வண்டி ஆர்.சி. ட்ரெய்லருக்குத் தனி நம்பர், தனி ஆர்.சி., தனி எஃப்.சி. (தகுதிச் சான்று). நான் ஒரு காலத்தில் இதைக் கேட்காமல் வாங்கினேன். விற்றவன் முன்வண்டிக் கடனை முடித்திருந்தான், ட்ரெய்லர் வேறொரு ஃபைனான்ஸில் இருந்தது. எட்டயபுரம் பக்கம் மறித்து ட்ரெய்லரை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். லோடு அடுத்தவனுடையது. அதற்கு வேறு வண்டி பிடித்து மாற்றி அனுப்பிவிட்டு, மொட்டையாக முன்வண்டியை ஓட்டிக்கொண்டு திருமங்கலம் வந்தேன். உங்க அத்தை வாசலில் நின்று, "பாதி எங்கே?" என்று கேட்டாள்.

அம்மா: அன்னைக்கு அவன் சாப்பிடவே இல்லை.

நான்: இருங்கள், எம்பரிவாகன் ஆப்பில் ட்ரெய்லர் நம்பரைப் போடுகிறேன்.

நான்: கடன் இன்னும் காட்டுகிறது. எஃப்.சி. முடிந்து இரண்டு மாதம்.

நான்: விற்பவரிடம் கேட்டேன். பணம் கட்டியாச்சு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஏற்றவில்லை, அவ்வளவுதான் என்கிறார்.

பெரிய அக்கா: கட்டியிருந்தால், கடன் முடிந்தது என்று ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட ஃபார்ம் 35-உம் என்.ஓ.சி.யும் கையில் இருக்க வேண்டும். அது வந்து ஆர்.சி.யில் கடன் நீங்கட்டும். அப்புறம் பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடு. க்ளெய்ம் கேட்காததற்கு அவருக்குக் கிடைத்த தள்ளுபடி (நோ க்ளெய்ம் போனஸ்) உனக்கு வராது, பிரீமியத்தில் அதையும் சேர்த்துப் பார்.

தம்பி: எட்டு வருடம் தாண்டிய வண்டி, இனி வருடா வருடம் எஃப்.சி.

நான்: இப்போது அவரே கூப்பிட்டார். இன்னொருவர் முழுப் பணத்தோடு நாளை வருகிறாராம்.

சித்தப்பா: நான் ஸ்கூட்டர் வாங்கப் போனபோதும் அந்த இன்னொருவர் வந்தார்.

திருமங்கலம் மாமா: காலையில் ஐந்தரைக்கு நானும் உன் தம்பியும் வருகிறோம். போன் பண்ணாதே. பணம் எடுத்து வராதே.

அம்மா: இட்லி கட்டவா?

திருமங்கலம் மாமா: பணியாரம் சுடுங்க அக்கா.

(மறுநாள் காலை 6.05)

தம்பி: எஞ்சின் சில்லென்று இருந்தது. மூன்று தடவை சுழற்றியதும் பிடித்தது. லேசான வெள்ளைப் புகை, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தேன், மோசமில்லை. முன்வண்டி ஓட்டலாம் மதினி.

வீட்டம்மா: ட்ரெய்லர்?

தம்பி: [படம்]

தம்பி: கிங்பின்னுக்குப் பின்னால் பெயின்டைச் சுரண்டினேன். ஒரு சாண் வெல்டிங்.

அம்மா: நான் நேத்தே சொன்னேன்.

நான்: முன்வண்டியை மட்டும் தருவீர்களா என்று மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார். விற்பவர் பதினொரு லட்சத்தில் நிற்கிறார்.

வீட்டம்மா: ஆறு டயர் விலை கழிந்து ஆறு லட்சத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று கேளுங்கள். வளையல் கையில்தான் இருக்கிறது.

சித்தப்பா: ஆறு டயர் என்றால் தெருவில் திருப்பிவிடலாம்.