புதுப்பிப்பு: ஃப்ளோ ரீடிங் ஏன் எகிறுச்சுன்னு தெரிஞ்சிடுச்சு
டிபி டிரான்ஸ்மிட்டர் (பைப்ல பிரஷர் வித்தியாசத்த அளக்குற கருவி, அத வெச்சுதான் ஃப்ளோ கணக்கு) டிஸ்ப்ளேல ஃப்ளோ 50%, கண்ட்ரோல் ரூம்ல 70.7% வருதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, காரணம் கெடச்சிடுச்சு. பிரஷர் வித்தியாசத்த ஃப்ளோவா மாத்த ஒரு தடவ எடுக்க வேண்டிய ஸ்கொயர் ரூட் ரெண்டு எடத்துல போட்டிருக்கு! ஹார்ட் மோடம் (டிரான்ஸ்மிட்டர் செட்டிங்ஸ கம்ப்யூட்டர்ல பாக்க, மாத்த உதவுறது) மாட்டி (சிக்னல் ஒயர் லூப்ல 250 ஓம் ரெசிஸ்டன்ஸ் இல்லாம மொதல்ல டிவைஸே கனெக்ட் ஆகல, அதுலயே அரை நாள் போச்சு) சாஃப்ட்வேர்ல பாராமீட்டர் எல்லாம் அப்லோட் பண்ணி பாத்தா டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் (அளந்தத எப்படி சிக்னலா மாத்தணும்ங்கிற செட்டிங்) ஸ்கொயர் ரூட்ல இருக்கு, டிசிஎஸ் (கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் சிஸ்டம்) இன்புட் பிளாக்லயும் அதேதான். 4-20 மில்லிஆம்ப் சிக்னல்ல 25% பிரஷருக்கு ரூட் எடுக்காம 8 மில்லிஆம்ப் வரணும், டிரான்ஸ்மிட்டர் ரூட் எடுத்து 12 (அதாவது 50%) அனுப்ப, டிசிஎஸ்ல மறுபடி ரூட் எடுத்து 70.7% ஆயிருக்கு. லூப்ப மேனுவல்ல (ஆட்டோ கண்ட்ரோல் இல்லாம) வெக்கச் சொல்லிட்டு டிரான்ஸ்மிட்டர லீனியருக்கு (ரூட் எடுக்காம அப்படியே அனுப்புறது) மாத்தி டவுன்லோட் பண்ணேன், 5 பாயிண்ட் செக்கும் (0, 25, 50, 75, 100%ல சரி பாக்குறது) சரியா வருது. ஆனா லோக்கல் டிஸ்ப்ளேல இனி பிரஷர் சதவீதம்தான் தெரியும், ஃப்ளோ இல்ல, அத ஆபரேட்டருங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க.