அண்டார்க்டிக் டூத்ஃபிஷ் செவிக்கல்: முதல் வளையத்தை எங்கே வைப்பது?

வணக்கம். அண்டார்க்டிகாவை ஒட்டிய ராஸ் கடலின் டூத்ஃபிஷ் மீன்களின் வயதைச் செவிக்கல்லில் (உட்செவியில் ஆண்டுக்கு ஒரு வளையமாக வளரும் சுண்ணாம்புக் கல்) கணிப்பவர்கள் இருந்தால் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

செய்முறை இதுதான்: கல்லை 275 டிகிரி செல்சியஸில் பழுப்பேறும்வரை சுட்டு, எபாக்சிப் பிசினில் பதித்து, கரு (கல் வளரத் தொடங்கிய நடுப்புள்ளி) வழியாகக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, மேலிருந்து விழும் ஒளியில் எண்ணுகிறோம். குளிர்கால வளையம் கரும்பழுப்பாகத் தெரியும். அதிகம் சுட்டால் கல் நொறுங்கும், குறைத்தால் வளையம் மங்கும். கருவைத் தவறவிட்ட வெட்டை எண்ணாமல் ஒதுக்கிவிடுகிறோம்.

சிக்கல் கருவை ஒட்டித்தான். அங்கே ஆண்டைக் குறிக்காத மெல்லிய போலி வளையங்கள் நெருக்கமாக இருப்பதால், ஒருவர் முதல் ஆண்டு என்பதை இன்னொருவர் இரண்டாம் ஆண்டு என்கிறார். எல்லா மீனிலும் ஒரே அளவு பிசகினால் வளர்ச்சிக் கோடு வயது அச்சில் நகரும், அவ்வளவுதான். வான் பெர்ட்டலான்ஃபி வளர்ச்சிச் சமன்பாட்டின் கே (முழு நீளத்தை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதன் அளவு) பெரிதாக மாறாது. ஆனால் மீனுக்கு மீன் பிசகு மாறுகிறதே! முதிய மீன்களின் விளிம்பில் வளையங்களை விட்டுவிடுவது இன்னும் மோசம்: வயது குறைந்து, இயற்கை இறப்பு வீதம் கூடுதலாக வந்துவிடும்.

வளையம் ஆண்டுக்கு ஒன்றுதானா என்று உறுதிசெய்ய விளிம்பு வளர்ச்சியை மாதவாரியாகப் பார்க்கவும் வழியில்லை. பனி விலகும் கோடையில்தான் மாதிரி கிடைக்கிறது. கல்லில் உள்ள கதிரியக்க ஈயம், ரேடியம் விகிதத்தை அளக்கும் ஈயம்-ரேடியம் முறை மொத்த வயதைச் சரிபார்க்கும், ஓரிரு வளையப் பிசகைக் காட்டாது.

கேள்விகள் இரண்டு. குஞ்சு மீன்களின் கல்லில் கருவிலிருந்து முதல் வளையம்வரை அளந்து வைத்திருக்கிறீர்களா? எண்ணுவதற்கு, கல்லின் ஒரு முகத்தில் ஓடும் பள்ளத்தின் எந்தப் பக்கம் தெளிவு, முதுகுப் பக்கமா வயிற்றுப் பக்கமா? அளவுகோலுடன் படம் இருந்தால் இன்னும் நல்லது.