ஊர்க் கூட்டம் ஒன்று வைக்க உங்கட அனுபவம் வேணும்

வணக்கம் உறவுகளே. எங்கட ஊர் வாசிகசாலையில மாசம் ஒருக்கா ஒரு சின்னக் கூட்டம் வைக்க யோசிச்சிருக்கிறம். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் படலை படலையா வந்த ஆக்களை இப்ப ஒழுங்கையில காணேலாது. கூப்பிட்டுக் கேக்க ஆளில்லாட்டி ஏன் வருவினம்?

கட்சிக் கதை இல்லை. வட்டார உறுப்பினரை இருத்தி, தெரு லைட், குப்பை வண்டி, முக்கியமா வெள்ளவாய்க்கால் பற்றிக் கேக்கவேணும். மாரிக்கு முதல் துப்புரவாக்க எவ்வளவு காசு ஒதுக்கினது எண்டு பிரதேச சபை சொல்லாட்டி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேக்கலாம். தருவினமா இல்லையா எண்ட முடிவை 14 வேலை நாளுக்குள்ள சொல்லவேணும். அந்தக் கடிதத்தின்ர தமிழ் மாதிரி ஆரிட்டயும் இருக்கோ?

மற்றது, 18 வயசான பிள்ளையள். வாக்காளர் இடாப்பை வருசாவருசம் திருத்துறவை. பேர் பதியாம விட்டா, தேர்தலண்டு அடையாள அட்டையோட போய் நிண்டும் பிரயோசனமில்லை. வெளியூரில படிக்கிற பிள்ளையின்ர பேரைத்தான் வீட்டில மறக்கிறது. விதானையாரை, அதுதான் கிராம அலுவலரை, கூட்டத்துக்கே கூப்பிட்டால் நல்லமோ?

ரியூசன் முடிஞ்சு பெடியள், பெட்டையள் வரக்கூடிய நேரம் எது? ஞாயிறு பின்னேரம் எண்டா கிரிக்கெட்டோட மல்லுக்கட்டவேணும். சபை அமர்வைப் பாக்கப் போனவை இருந்தா, ஆரிட்டக் கேட்டு உள்ள போனனீங்கள் எண்டும் எழுதுங்கோ. உறுப்பினர் வரமாட்டன் எண்டு நிண்டால் என்ன செய்தனீங்கள் எண்டதும் வேணும்.