அம்மாவின் ஊசிக்கு இன்சூரன்ஸ் மறுப்பு, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்), வயது 63. கீமோவோடு ரிட்டுக்சிமாப் ஊசியும் 21 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். முதல் ஊசிக்குப் பிரச்சினையில்லை. இரண்டாவதுக்குக் காலையிலேயே சேர்த்து, கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது, "24 மணி நேரம் தங்க அவசியமில்லை, புறநோயாளியாகவே போடலாம்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேஷ்லெஸ்ஸை (ஆஸ்பத்திரிக்கு அவர்களே நேரடியாகப் பணம் கட்டுவதை) மறுத்துவிட்டது. அப்பா நகையை அடகு வைத்துக் கட்டினார், அந்த ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ரிட்டுக்சிமாப் மாதிரியான மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசியை பாலிசியில் விலக்கக் கூடாது, டே கேராக (அன்றே வீடு திரும்புகிற மாதிரி) போட்டாலும் சரி என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019லேயே சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டு 12 நாள் ஆகிறது, பதில் இல்லை. 30 நாள் கழிந்தால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (கம்பெனி மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது, அது தெரியும். ஆனால் அடுத்த ஊசி அடுத்த வாரமே!

அதுவரை என்ன செய்வது? ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவில் புகார் போட்டு யாருக்காவது சீக்கிரம் நடந்திருக்கிறதா? அப்புறம், டாக்டரிடம் கடிதம் வாங்கினால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்? இதே மாதிரி மறுப்பை வென்றவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.