ஈஸ்டர் பன்னில் முயல் காது நிற்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஈஸ்டருக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து இனிப்பு பன் செய்ய இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டேன். 500 கிராம் மைதா, 250 மில்லி பால், 7 கிராம் உலர் ஈஸ்ட், சர்க்கரையும் வெண்ணெயும் தலா 60 கிராம், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் உப்பு.

முதல் முறை பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஈஸ்டைக் கொன்றுவிட்டேன். மறுநாள் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்கு உப்பியது. சரி, அது தீர்ந்தது.

இப்போது காதுதான் பிரச்சினை. சின்னவளுக்கு நாலு வயது, பெரியவனுக்கு ஏழு. முயல்தான் வேண்டும் என்று இருவரும் ஒரே பிடிவாதம். உருண்டை பிடித்ததுமே கத்தரிக்கோலால் காது வெட்டி, உலர்திராட்சையைக் கண்ணாக வைத்தோம். ஓவனில் 180 டிகிரியில் 15 நிமிடம் இருந்த பிறகு பார்த்தால் எல்லாம் ஆமை! (ஆமையையும் விடாமல் தின்றார்கள், அது வேறு கதை.)

உருண்டை பிடித்து வைத்த மாவு மறுபடியும் உப்பிய பிறகு காது வெட்டினால் நிற்குமா? பாலைக் குறைத்து மாவை இறுக்கமாகப் பிசைய வேண்டுமா? அப்புறம், முந்தைய இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்கள், காலையில் எவ்வளவு நேரம் வெளியே வைத்துவிட்டு உருட்டுகிறீர்கள்? மாவு உப்பும்வரை காத்திருக்க இவர்களுக்குப் பொறுமை கிடையாது, எனக்கும்தான்.